மாரந்தையிலிருந்து எழுந்த குரல்

வைக்கோலும் சருகும் கூட்டி மூட்டிய சிறு தீயில் பறையின் தோலைக் காட்டும்போது எழும் வாசம், தென்மாவட்டங்களில் 1980-களிலும் 1990-களிலும் வளர்ந்த தலைமுறையினருக்கு இரண்டு இடங்களை ஒருசேர நினைவூட்டும். முதலாவது, பந்தல் போட்டுப் பாடை கட்டிக்கொண்டிருக்கும் சாவு வீட்டு வாசல். இரண்டாவது, குழல்விளக்குகள் கட்டிய தெருமுனை மேடையும் அதில் நின்று பாடிய முனைவர் கே. ஏ. குணசேகரனும். கருவியும் தீயும் இரண்டு இடத்திலும் ஒன்றேயானாலும், முதல் இடத்தில் பறையடித்தவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள், இரண்டாம் இடத்தில் மேடையின் நடுவே நின்றார்கள். அந்தத் தூரத்தைக் கடப்பதற்காகப் பாட்டையும் ஆய்வையும் நாடகத்தையும் ஒரே வேலையாகக் கருதி உழைத்தவர் என்பதே குணசேகரனின் வாழ்க்கையை இன்றும் நினைத்துப் பார்க்க வைக்கிறது.

பறை என்பது, வளைவாகச் செதுக்கிய மரத்துண்டுகளை உலோகத் தகடு கொண்டு வட்டமாகப் பிணைத்து, அதன் ஒரு முகத்தில் மட்டும் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டிச் செய்யப்படும் தோற்கருவி. தோளில் மாட்டி உடலோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையில் மெல்லிய நீண்ட மூங்கில் குச்சியாலும் மறு கையில் குட்டையான தடித்த குச்சியாலும் அதை அடிப்பார்கள். ஈரக்காற்றில் தளர்ந்துபோகும் தோல் சூட்டில் விறைத்த பிறகே கணீரென்று ஒலிக்கும் என்பதால், ஆட்டம் தொடங்குமுன் காய்ச்சுதல் கட்டாயம் நடக்கும். காய்ச்சுகிறவர் பறையைத் தீக்கு மேலே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார், விரலால் சுண்டிப் பார்ப்பார், ஒலி மந்தமாக இருந்தால் மீண்டும் தீயில் காட்டுவார். சுற்றி நிற்கும் சிறுவர்களுக்கு ஆட்டத்தைவிட இதைப் பார்ப்பதில்தான் ஆசை அதிகம். நிலத்துக்கு நிலம் வேறுபடும் கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணிய இந்தக் கருவி, பிற்காலத்தில் ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட ஊழியத்தின் அடையாளமாகச் சுருங்கிப்போனது தமிழ்ச் சமூக வரலாற்றின் பெருந்துயரங்களில் ஒன்று.

அந்த ஊழியம் எப்படி நடந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஊரில் ஒருவர் இறந்துவிட்டால், உறவினர்கள் வாழும் ஊர்களுக்கு நடந்தோ மிதிவண்டியிலோ போய்க் கேதம் சொல்வது, அதாவது சாவுச் செய்தியை அறிவிப்பது, சேரியைச் சேர்ந்தவரின் கடமையாக இருந்தது. பிணம் எடுக்கும்வரை பறையடிப்பது, சுடுகாட்டில் வேலை பார்ப்பது, ஊராட்சி அறிவிப்புகளைத் தண்டோரா போட்டுச் சொல்வது ஆகியவையும் அவர்கள் பொறுப்பே. கூலி என்பது பேசி முடிவு செய்ததாக இராது. அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்லும், சாவு வீட்டில் கொடுக்கும் சில்லறையும்தான் கூலி. மறுத்தால் ஊர்க்கட்டுப்பாடு வரும், வயல் வேலை கிடைக்காது. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது 2022 ஆகஸ்டில்தான் என்பதைக் கொண்டு, இந்த வழக்கங்களின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை அறியலாம்.

குணசேகரன் 1955-இல் பிறந்த மாரந்தை, இளையான்குடியை ஒட்டிய சிற்றூர். அன்று பிரிக்கப்படாத இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் சேர்ந்தது. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனமும், கண்மாய் வற்றினால் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பதும் அந்த வறண்ட மண்ணின் இயல்பு. விதைத்த நெல்லை மழை இரவில் வாரிவந்து சிவனடியாருக்கு அமுது படைத்ததாகப் பெரியபுராணம் போற்றும் மாறநாயனாரின் ஊர் இளையான்குடி. பிற்காலத்தில் முசுலிம் மக்கள் பெருமளவில் வாழும் வணிக ஊராக வளர்ந்த அதே இளையான்குடியில்தான் குணசேகரனின் இளமைக் காலமும் பள்ளிப் படிப்பும் கழிந்தன. முசுலிம் வீடுகளில் தீண்டாமை இல்லாமல் பழக முடிந்ததையும், அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள கிராமங்களுக்குப் போனால் முதல் கேள்வியே சாதியைப் பற்றியதாக இருந்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார். ஒரே நாளில், ஒரே வட்டாரத்தில், ஒரே சிறுவன் இரண்டு விதமாக நடத்தப்பட்டான் என்ற உண்மையே, சாதி இயற்கையானதோ மாற்ற முடியாததோ அன்று என்பதை அவருக்கு எந்தப் புத்தகத்துக்கும் முன்னதாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்தத் தன்வரலாறு சொல்லும் காட்சிகளில் வகுப்பறைக் காட்சி தனித்து நிற்கிறது. ஆதிதிராவிட மாணவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்காகப் பட்டியல் எடுக்க வரும்போது, சாதிப் பெயரைச் சொல்லி அந்த மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் அன்று பள்ளிகளில் இருந்தது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கண்கள் எழுந்து நிற்கும் பையன்மீது திரும்பும். கூசிக் குறுகி நிற்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. படிப்புக்கு உதவ வந்த திட்டமே படிப்பவனைக் கூனிக்குறுக வைக்கும் வகையில் நடத்தப்பட்டதை அவர் கசப்பைக் கொட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதிச் செல்கிறார். அந்த நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘வடு’.

வறுமையோடும் அவமானத்தோடும் அந்த மண் அவருக்குப் பாட்டையும் கொடுத்தது. நாற்று நடும் பெண்கள் குனிந்த முதுகின் வலி தெரியாமலிருக்கப் பாடும் நடவுப் பாட்டு, இரவில் வண்டியோட்டிச் செல்பவர் தூக்கம் கலைக்கப் பாடும் தெம்மாங்கு, பிள்ளையைத் தூங்கவைக்கும் தாலாட்டு, பிணத்தைச் சுற்றி அமர்ந்து மாரடித்துப் பாடும் ஒப்பாரி என்று, பிறப்பிலிருந்து இறப்புவரை பாட்டில்லாத சடங்கு அக்கிராமங்களில் இருந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, இறந்தவரின் பெயரையும் குணத்தையும் அந்த நேரத்திலேயே பழைய மெட்டில் பொருத்திப் பாடும் திறனைக் கேட்டு வளர்ந்தவருக்கு, புலமை என்பது ஏட்டில் மட்டும் இருப்பதாகத் தோன்றாது. நா. வானமாமலை போன்ற முன்னோடிகள் நாட்டுப்புற வழக்காறுகளைத் தமிழில் ஆய்வுத் துறையாக நிலைநிறுத்தியிருந்த காலத்தில் உயர்கல்விக்கு வந்த குணசேகரன், தாம் கேட்டு வளர்ந்த பாடல்களையும் ஆட்டங்களையுமே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வயலில் மட்டுமே நாட்டுப்புறப் பாடல் உண்டு என்ற எண்ணத்தை மறுத்து, பிழைப்புக்காக நகரத்துக்குக் குடிபெயர்ந்த உழைப்பாளிகள் பாடும் பாடல்களையும் அத்துறைக்குள் கொண்டுவந்த ‘நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்’, ஒடுக்கப்பட்ட மக்களின் வழக்காறுகளைத் தனித்து நோக்கும் ‘சேரிப்புறவியல்’ ஆகிய நூல்கள் அவ்வழியில் வந்தவை.

ஆய்வாளர் பலர் பாடலைத் திரட்டி, வகைப்படுத்தி, அச்சிட்டதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதிய நிலையில், குணசேகரன் தாம் திரட்டியதைப் பாடியும் காட்டினார். அவர் அமைத்த இசைக்குழுவின் பெயர் ‘தன்னானே’. நடவிலும் கும்மியிலும் ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்லும் அசையே அது. அக்குழுவின் நிகழ்ச்சியைக் கண்டவர்கள் இன்றும் நினைவுகூர்வது அதன் எளிமையைத்தான். பறையும் நாட்டுப்புறத் தாளக்கருவிகளும், சேர்ந்து பாடச் சில குரல்களும் போதும். ஒலிபெருக்கி கிடைத்த இடம் மேடையாகிவிடும். முற்போக்கு எழுத்தாளர் அமைப்புகள் நடத்திய கலை இலக்கிய இரவுகளிலும், ஒடுக்கப்பட்டோர் அமைப்புகளின் மாநாடுகளிலும், தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பேச்சாளர் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை நான்கு நிமிடப் பாட்டு மக்களின் மனத்தில் ஏற்றியது. விடியவிடிய நடக்கும் அந்தக் கலை இரவுகளுக்குப் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து உட்காரும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. தூங்கிப்போன பிள்ளைகள்கூடப் பறையொலி கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

மேடைக்கு வர முடியாதவர்களிடம் அவர் குரலைக் கொண்டுசேர்த்தது ஒலிநாடா. திரைப்படப் பாடல்களையும் பக்திப் பாடல்களையும் பதிந்து விற்ற அதே கேசட், இயக்கங்களின் கையிலும் வந்து சேர்ந்த காலம் அது. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் விரித்த துணியில் புத்தகங்களோடு கேசட்டுகளையும் அடுக்கி விற்பார்கள். வாங்கியவர் வீட்டில் போட்டுக் கேட்டதோடு நில்லாமல், வெற்று நாடா கொண்டுவருபவருக்குப் படியெடுத்தும் கொடுப்பார். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்து மீண்டும் கேட்ட அந்தத் தலைமுறைக்கு, குணசேகரனின் முகம் தெரிவதற்கு முன்னரே குரல் தெரிந்திருந்தது.

அவர் பாடிப் பரவிய பாடல்களில் ஆக்காட்டிப் பறவையைப் பற்றிய நாட்டுப்புறப் பாடல் பலருடைய நினைவில் இருப்பது. ஆட்காட்டி என்று நூல்களில் எழுதப்படும் இந்தப் பறவை, கூடு கட்டாமல் திறந்தவெளித் தரையிலேயே முட்டையிடும். மண்ணோடும் கல்லோடும் நிறம் ஒத்திருப்பதால் முட்டை கண்ணுக்குத் தெரியாது. மனிதரோ விலங்கோ நெருங்கினால் தாய்ப்பறவை கத்திக்கொண்டே சுற்றிப் பறந்து காட்டிக்கொடுக்கும், அதனாலேயே அப்பெயர். குஞ்சுகளுக்கு இரை தேடப் போன தாய் வலையில் சிக்கிக்கொள்வதும், குஞ்சுகளை எண்ணி அது அழுவதுமே பாடலின் கதை. கண்மாய்க் கரையிலும் தரிசு நிலத்திலும் அந்தப் பறவையைத் தினமும் பார்த்த மக்களுக்கு இதில் உவமையை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. சொந்த நிலமின்றி, எவர் நிலத்திலோ குடிசை போட்டு, கடனில் சிக்கிய தாய்மார்கள் தங்கள் கதையையே அதில் கேட்டார்கள். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடைப்பட்ட அந்த மெட்டைக் குணசேகரன் அலங்காரமின்றி, ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு பாடினார். குரலை மெருகேற்றிச் சபைக்கு ஏற்றதாக்க முயன்றிருந்தால் பாட்டின் உயிர் போயிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் குரலோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட மற்றொன்று, கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’. கீழக்கரையில் பிறந்து, சென்னையில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றிய இன்குலாப்பும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரரே. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அத்தகைய கொடுமைகளின் வெப்பத்தைத் தாங்கிய அந்தப் பாடல், தாங்களும் மனிதர்களே என்று நிமிர்ந்து சொல்லும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப முழங்குகிறது. தாளில் கவிதையாக இருந்ததைக் குணசேகரனின் மெட்டும் பறையும் ஊர் ஊராக ஒலிக்கும் முழக்கமாக்கின. எழுதியவர் யார், பாடியவர் யார் என்று அறியாதவர்களும் ஊர்வலங்களில் அதைப் பாடிச் சென்றார்கள். மக்கள் பாடகருக்கு இதைவிடப் பெரிய விருது இல்லை.

பறையை மேடையேற்றுவது அன்று எல்லாராலும் ஒரே மனத்தோடு வரவேற்கப்பட்டதன்று என்பதையும் பதிவு செய்வது நேர்மையாகும். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் இளைஞர்கள் மறுத்து நின்றார்கள். இழிவின் சின்னம் ஒழியட்டும் என்று பறையைத் தீயிலிட்டவர்களும் உண்டு. தந்தையும் பாட்டனும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவமானப்பட்டதைக் கண்ணால் கண்டவர்களின் சினத்தில் முழு நியாயம் இருந்தது. கட்டாய ஊழியத்தை ஒழிக்க வேண்டும், ஆனால் கலையை இழக்கக் கூடாது என்ற எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. குணசேகரன் இரண்டாவது தரப்பில் நின்றவர். எவர் ஏவலுக்கும் அடிக்காத பறை, விருப்பத்தோடும் உரிய மதிப்போடும் அடிக்கப்படும் பறை விடுதலைக்கான கருவியாகும் என்பதைத் தம் ஒவ்வொரு மேடையிலும் செய்து காட்டினார். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்ற பெயரில் அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, தேவாலய வழிபாட்டுக்குள்ளேயே பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டுவந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில் நடந்தது. திண்டுக்கல்லில் தோன்றிய சக்திக் கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்களே பறையைக் கையில் எடுத்து ஆடியபோது, ஆண்களுக்கு மட்டும் உரியது என்றிருந்த வழக்கமும் உடைந்தது.

பெண்களின் நிலையைப் பற்றிய இந்தக் கவலை குணசேகரனின் நாடகத்திலும் உண்டு. தமிழில் எழுந்த முதல் தலித் நாடகம் என்று பலராலும் குறிப்பிடப்படும் ‘பலியாடுகள்’, தெய்வத்துக்கு மனிதப் பலி வேண்டும் என்று ஊர் முடிவு செய்யும்போது ஒடுக்கப்பட்டவன் தேர்ந்தெடுக்கப்படுவதைக் காட்டி, பின் அவனுக்குப் பதிலாக அவன் மனைவி பலியாக முன்னிறுத்தப்படுவதை நோக்கி நகர்கிறது. வெளியிலிருந்து வரும் கொடுமையை மட்டும் பேசிவிட்டு வீட்டுக்குள் நடப்பதை மறைப்பது எளிதாக இருந்திருக்கும். தம் மக்களிடமே அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. இசைநாடக மரபின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்து 1922-இல் மறைந்த ஊர் புதுச்சேரி. அவர் பெயரால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நிகழ்கலைப் பள்ளியில் குணசேகரன் பேராசிரியராகவும் தலைவராகவும் பணியாற்றினார். சென்னையிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். சாதிப் பெயர் சொல்லி எழுந்து நிற்க வைக்கப்பட்ட மாணவர், தமிழாய்வின் உயர்ந்த நிறுவனமொன்றின் தலைமை இருக்கையில் அமர்ந்தது அவருடைய தனிப்பட்ட வெற்றியாக மட்டும் முடிந்துவிடவில்லை. அவர் வழியாக நாட்டுப்புறக் கலைஞர்கள் பல்கலைக்கழக அரங்குகளுக்குள் ஆசிரியர்களாக நுழைந்தார்கள்.

‘வடு’ 2005-இல் நூலாக வந்தபோது, பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் தலித் தன்வரலாற்றுக்குத் திறந்துவிட்ட பாதை தமிழில் நன்கு தெரிந்திருந்தது. பேராசிரியராக இருந்தும் தம் வாழ்க்கையை அவர் கட்டுரைத் தமிழில் எழுதவில்லை. இளையான்குடி வட்டாரத்தின் பேச்சுமொழியிலேயே, திண்ணையில் உட்கார்ந்து உறவினரிடம் சொல்வதுபோல எழுதினார். பசித்த நாட்களையும், கிடைத்ததைப் பகிர்ந்துண்ட உறவுகளையும், பாட்டுப்போட்டியில் பாடிய மேடைகளையும் ஒரே மூச்சில் சொல்லிப்போகும் அந்தச் சிறு நூல் ஆங்கிலத்திலும் வந்து, பல பல்கலைக்கழகங்களில் பாடமாகப் படிக்கப்படுகிறது.

2016 ஜனவரி 17-ஆம் நாள், காணும் பொங்கலன்று, புதுச்சேரியில் அவர் மறைந்தார். அறுபது வயதுதான் ஆகியிருந்தது. அவருக்குப் பின் காலம் வேகமாக மாறியிருக்கிறது. நடவு இயந்திரம் வந்த வயல்களில் நடவுப் பாட்டு ஓய்ந்துவிட்டது. சாவுச் செய்தியைக் கைபேசி சொல்லிவிடுகிறது. ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. மறுபுறம், சென்னையில் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களும் அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் வார இறுதிகளில் பறை கற்கிறார்கள். திருமண ஊர்வலங்களிலும் கல்லூரி விழாக்களிலும் பறை முழங்குகிறது. மதுரையைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு 2025-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வு செய்யப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் எவரும் எதிர்பார்த்திராத மாற்றம் இது, குணசேகரனைப் போன்றவர்கள் தொண்டை வறளப் பாடி உருவாக்கிய மாற்றம்.

ஆயினும் கருவிக்குக் கிடைத்த மதிப்பு கலைஞருக்கு முழுமையாகப் போய்ச்சேரவில்லை. நகரத்து மேடையில் கைதட்டல் வாங்கும் அதே அடவை ஊரில் அடிப்பவர், இன்னும் சில இடங்களில் சாவு வீட்டு வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். வீட்டில் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கும் நாடாக்கள் பூஞ்சை பிடித்து அழிகின்றன. ஊர்ப் பாடகர் ஒருவரின் பாட்டைக் கைபேசியில் பதிவு செய்யும் எவரும் அவருடைய பெயரையும் ஊரையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். நிகழ்ச்சிக்கு அழைப்பவர்கள் கூலியை முன்னதாகப் பேசி, விருந்தினர்களோடு ஒரே பந்தியில் அமரவைத்து உணவிட வேண்டும். பல்கலைக்கழகங்கள் குணசேகரனின் பாடல் பதிவுகளைத் திரட்டி எண்ம வடிவில் அனைவருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் படிக்க வேண்டிய வாழ்க்கைகளில் மாரந்தைக் குணசேகரனின் வாழ்க்கையும் ஒன்று.